பதினாலில் ஐந்து போனால்

வீட்டுக் கதவு சென்னியப்பனின் சட்டைக் காலரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் திறந்தது. "பதினாலு மிச்சம். பார்த்து நடந்துக்குங்க" என்று உள்ளே இருந்தவர்களுக்கு அறிவித்தது.

உள்ளே இருந்தது ஒரே ஒருத்தி. தும்பை, வயது ஆறு. பள்ளி வண்டி இறக்கிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவித்த நிலக்கடலையை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினாலு நெறையவாப்பா, கொஞ்சமாப்பா?"

"உனக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கறதுக்குக் கொஞ்சம் கண்ணு. மத்ததுக்கெல்லாம் நெறைய."

காலையில் கிளம்பும்போது நாற்பது இருந்தது. சென்னியப்பனுக்குக் கோவையில் ஒரு மோட்டார் கம்பெனியின் குறைகேட்பு மேசையில் வேலை. தண்ணீரே இல்லாத கிணற்றில் மோட்டாரை இறக்கிவிட்டு, மோட்டாரில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட வந்த அன்னூர்க்காரர் ஒருவர் மட்டும் பதினொன்றைக் கொண்டுபோயிருந்தார். மிச்சத்தை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

காலரில் குத்தியிருந்த வில்லைக்குப் பொறுமைமானி என்று பெயர். நாடித் துடிப்பு, மூச்சு, தாடை இறுகுகிற இறுக்கம் எல்லாவற்றையும் அளந்து, ஒரு மனிதனிடம் இன்னும் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் அது நிரம்பும். வேறு எந்த வழியிலும் ஏறாது. வயது வந்த எல்லாரும் வெளியே தெரியும்படி அணிய வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் வந்த பிறகு ஊரில் சத்தம் குறைந்துபோனது உண்மைதான். பேருந்தில் ஏறுமுன் ஓட்டுநரின் காலரைப் பார்த்து ஏறினார்கள். ரேஷன் கடையில் எந்த வரிசை நீளம் என்று யாரும் பார்ப்பதில்லை, எந்த ஊழியரிடம் எண் அதிகம் என்று பார்த்து நின்றார்கள். மாப்பிள்ளை தேடும் விளம்பரத்தில் சொந்த வீடு, சொந்தத் தொழில், சராசரி ஐம்பது என்று போட்டார்கள். நடுத்தெருவில் வண்டிகள் உரசிக்கொண்டால் இரண்டு பேரும் இறங்கி ஒருவர் காலரை ஒருவர் பார்த்துவிட்டு, "எனக்கு மூணுதானுங்க இருக்கு, நாளைக்குக் காலைல சண்டை போட்டுக்கலாமுங்களா" என்று கேட்டுப் பிரிந்தார்கள்.

எண் பூஜ்யத்தைத் தொட்டால் மானி விசில் அடிக்கும். வீட்டில் என்றால் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தணிப்பறை திறந்துகொள்ளும். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி. மூன்று வரும்வரை உள்ளே கண்ணயர்ந்து கிடக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த இடத்தில்தான் வெங்காயக் கூடை இருந்தது. ஒரு மனிதனைச் சாந்தப்படுத்த வேண்டிய இடத்தில் வெங்காய வாசம் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த மாதத்தில் சென்னியப்பன் இரண்டு தடவை உள்ளே போய் வந்துவிட்டான். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எட்டில் மூன்று போனால் மிச்சம் எவ்வளவு.

கணக்கைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். சொல்லிக்கொடுத்துப் பார்த்தாயிற்று. பாடப்பொறிகள் என்று ஒரு காலத்தில் இருந்தன. அவற்றுக்குப் பொறுமைக்கு அளவே கிடையாது. ஏழும் அஞ்சும் எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள், "பத்து, பதினொண்ணு, பதிமூணு" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போவார்கள். பொறியும் ஒவ்வொன்றுக்கும், "நல்ல முயற்சி, இன்னொரு தடவை பார்க்கலாமா" என்று தேனொழுகக் கேட்கும். எப்போதாவது பன்னிரண்டில் வந்து விழுந்தால் பூமழை பொழியும். ஒரு தலைமுறையே விடையைக் காய்கறி பேரம் மாதிரி ஏற்றியும் இறக்கியும் கேட்டே வளர்ந்தது. சொல்லிக்கொடுப்பவருக்குச் சலிப்பு வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது என்று கடைசியில் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் உடனே வீட்டுக்கணக்குச் சட்டம் கொண்டுவந்தது. இருபது வரைக்குமான கூட்டலும் கழித்தலும் பெற்றவர்கள் கையாலேயே வர வேண்டும். பெற்றவர் ஒரே மாதத்தில் மூன்று தடவை பூஜ்யத்தைத் தொட்டாலோ, பிள்ளை தேர்வில் தோற்றாலோ, அன்றாடம் சாயங்காலங்களில் பிள்ளையைச் சான்று பெற்ற மாற்றுப் பெற்றோரிடம் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு.

அவர்கள் தெருவுக்கு மாற்றுப் பெற்றோர் தணிகாசலம். எண் தொண்ணூற்றைந்து. அது குறைந்து யாரும் பார்த்ததில்லை. தெருநாய் வேட்டியைக் கடித்து இழுத்தபோதும் குனிந்து, "பசிக்குதா சாமி" என்று கேட்டவர். அவர் மடியில் தன் மகள் உட்கார்ந்து கணக்குப் படிக்கிற காட்சி சென்னியப்பனுக்கு அடிக்கடி வந்தது. அதில் அவனை உறுத்தியது, அவள் அங்கே சந்தோஷமாக இருப்பாள் என்பதுதான்.

வெள்ளிக்கிழமை தேர்வு.

"வா அம்மிணி, ஆரம்பிக்கலாம்." தரையில் எட்டுக் கடலையை வரிசையாக வைத்தான். "எத்தனை இருக்கு?"

"எட்டு."

"நல்லது. இதுல மூணைத் தின்னுரு."

தும்பை அதைச் சிரத்தையோடு செய்தாள்.

"இப்ப எத்தனை இருக்கு?"

"எட்டு."

சென்னியப்பன் மூச்சை நிதானமாக இழுத்து விட்டான். பதின்மூன்று.

"எப்படி எட்டு? மூணைத் தின்னுட்டியே."

"அஞ்சு கீழ இருக்கு. மூணு வயித்துல இருக்கு. எட்டு."

இதற்குப் பதில் சொல்ல அவனுக்கு மூன்று வாரமாக வழி தெரியவில்லை. அவள் சொல்வதில் தப்பு இல்லை என்பதுதான் பெரிய தப்பு. ஐந்தும் மூன்றும் எட்டு என்று கூட்டலைப் பிடித்துக்கொண்டு, கழித்தலை வாசற்படி ஏறவே விடமாட்டேன் என்கிறாள்.

மூன்று கடலையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "இப்ப?"

"உங்க பாக்கெட்ல இருக்கு."

பன்னிரண்டு. மூன்றையும் கொண்டுபோய்ப் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"சாமிகிட்ட இருக்கு" என்றாள்.

பதினொன்று. ஜன்னலைத் திறந்து வெளியே வீசினான்.

"இப்பச் சொல்லு. போயிருச்சா இல்லையா?"

"காக்கா எடுத்துக்கும்."

"எடுத்துத் தின்னுரும்."

"அப்ப காக்கா வயித்துல இருக்கும்."

"காக்கா பறந்து போயிருச்சு, அம்மிணி. எங்கியோ போயிருச்சு. மேட்டுப்பாளையம் போயிருச்சு. இப்ப எத்தனை?"

"மேட்டுப்பாளையத்துல மூணு, இங்க அஞ்சு."

ஒன்பது. இரண்டு ஒரேயடியாக இறங்கியது. சென்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அந்தக் காக்காயை எண்ணி அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

தும்பை கடலையைப் பார்க்கவில்லை. அவன் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க வரும்போது பதினாலு இருந்துச்சு."

"இருந்துச்சு."

"இப்ப ஒம்போது இருக்கு." விரல்களை மடக்கினாள், விரித்தாள். "அஞ்சைக் காணோம். யாரு எடுத்தா?"

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று வாரமாகக் கடலை, செருப்பு, ஸ்பூன், மாடிப்படி எல்லாவற்றையும் வைத்து வராத விடை, அவள் வாயிலிருந்து கேட்காமலே விழுந்திருந்தது.

"நீதான் எடுத்த" என்றான்.

"என்ற வயித்துல இல்லியே."

"இல்ல."

"சாமிகிட்ட?"

"இல்ல."

"மேட்டுப்பாளையத்துல?"

"எங்கியும் இல்ல கண்ணு. போனது போனதுதான்."

தும்பை அதை நெடுநேரம் யோசித்தாள். உலகத்தில் இருந்து, எங்கேயும் போய்ச் சேராமல், வெறுமனே இல்லாமல் ஆகிற ஒரு பொருளை அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள். அவள் முகத்தில் ஒரு சின்ன பயம்கூட வந்து போனது. அப்புறம் எழுந்து போய், எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் தரையில் போட்டாள்.

ஏழு.

"ரெண்டு போச்சு" என்றாள்.

"சரி."

முக்காலியில் ஏறி அவன் தோள்மேல் குதித்தாள்.

"மூணு போச்சு. ஏழுல மூணு போனா நாலு."

"சரி, சரி. போதும். நாலோட நிறுத்திக்கலாம்." அவனுக்குக் கோபமும் வந்தது, அந்தக் கோபம் வந்ததில் ஆனந்தமும் வந்தது. மானிக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கோபத்தை மட்டும் கழித்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

கோகிலவாணி வேலை முடிந்து உள்ளே வந்தபோது கதவு, "ரெண்டு மிச்சம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அவள் கல்யாண மண்டபம் ஒன்றின் மேலாளர். அன்றைக்கு முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் பெண்வீட்டுச் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாட்ட ரெண்டு, அப்பாட்ட நாலு" என்றாள் தும்பை. "ஊட்ல மொத்தம் ஆறு இருக்கு."

கோகிலவாணி கைப்பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, புள்ள கூட்டுதுங்களா?"

"கூட்டறா, கழிக்கறா. நம்மளை வெச்சுத்தான்."

"நாம தேறறதே ஆறுதான்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சா. போச்சு போங்க."

அந்த வாரம் முழுக்கப் பாடம் அப்படித்தான் நடந்தது. தண்ணீரைக் கொட்டினால் இரண்டு. ஒரே கதையை மறுபடி கேட்டால் ஒன்று. தூங்குகிற அப்பாவின் கண்ணிமையைத் தூக்கி உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தால் நாலு. தும்பை ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, குறைந்ததை உரக்கச் சொன்னாள். சென்னியப்பன் அடி வாங்கிய மாட்டைப் போலப் பெருமூச்சு விட்டு, "சரி" என்றான். தந்தைமார் பிள்ளைகளுக்காக எதை எதையோ செலவழிக்கிறார்கள். இப்படிக் கண்ணெதிரில் குறைந்து குறைந்து காட்டியவன் அந்தத் தெருவில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டான். தூங்கி எழுந்து நாற்பதோடு மிடுக்காக வந்து உட்கார்ந்ததும் தும்பை காலரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நாப்பதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நான் இருவது வரைக்குந்தான் படிச்சிருக்கேன்."

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. தேர்வு தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்தான். என்ன செய்வது என்று ஒருகணம் யோசித்துவிட்டு, உலகத்தில் யாரும் தாமாகச் செய்யாத ஒன்றைச் செய்தான். அன்னூர்க்காரரைத் தானே அழைத்தான்.

"ஐயா, மோட்டார் எப்படி ஓடுதுங்க?"

பேசி முடித்தபோது பதினாறு. தும்பை திருப்தியாகத் தலையாட்டினாள்.

தேர்வாளராகத் தணிகாசலமே வந்தார். அந்தந்தப் பகுதி மாற்றுப் பெற்றோர்தான் தேர்வும் வைப்பார்கள். காலரில் தொண்ணூற்றைந்து நீல நிறத்தில் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு பதிவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிள்ளை சொல்லும் ஒவ்வொரு சரியான கணக்குக்கும் அது ஒரு மணி அடிக்கும். கூட்டலும் கழித்தலும் கலந்து ஐந்து மணி அடித்தால் தேர்ச்சி.

அடுத்ததாக ஒரு சின்ன வெல்வெட் குல்லாயை எடுத்துச் சென்னியப்பனின் மானிமேல் மாட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க. தேர்வு நேரத்துல பெத்தவங்க நம்பர் தெரிஞ்சா புள்ளைங்க பயந்துக்குதுங்க. விதி."

சென்னியப்பனுக்குள் ஏதோ ஒன்று இறங்குவது அவனுக்கே தெரிந்தது. பதினாறு என்று உட்கார்ந்தவன், இப்போது எத்தனையில் இருக்கிறான் என்று அவனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. குல்லாய்க்குள் பூஜ்யம் வந்தாலும் விசில் மட்டும் கேட்கும். கேட்டால் அது மூன்றாவது தடவை.

தணிகாசலம் மேசையில் பதின்மூன்று பொம்மை ஆப்பிள்களை வைத்தார். ஆறை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எத்தனை கண்ணு?"

"பதிமூணு. ஆறு உங்க பையில இருக்குங்க."

"ஆகா, எவ்வளவு அழகா யோசிக்கிற. இன்னொருக்காப் பாக்கலாமா?"

சென்னியப்பன் பல்லைக் கடித்தான். இந்தக் குரலை அவன் சின்ன வயதில் பாடப்பொறியிடம் கேட்டிருக்கிறான்.

இன்னொரு தடவை பார்த்தார்கள். அதற்கப்புறமும் ஒரு தடவை பார்த்தார்கள். தணிகாசலம் ஆப்பிளைக் கதவுக்கு வெளியே வைத்தார், துணி போட்டு மூடினார், ஆறு பறவைகள் பறந்து போவதாகக் கையை அசைத்து நடித்துக் காட்டினார். தும்பை பறவைகள் எந்த ஊருக்குப் போயின என்று விசாரித்தாள். பதிவி வாய் திறக்கவில்லை. சென்னியப்பன் துண்டின் நுனியை வாய்க்குள் வைத்துக் கவ்விக்கொண்டான். பதிலை அவன் சொல்லக் கூடாது. கனைத்தால்கூடக் குற்றம்.

தும்பைக்கு ஆப்பிளில் அக்கறை போய்விட்டது. தணிகாசலத்தின் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்களுது ஓடலைங்களா?"

"எது கண்ணு?"

"உங்க நம்பர். அப்படியே நிக்குது. எங்கப்பாவுதெல்லாம் நல்லா ஓடும்."

"இது நல்லாத்தான் ஓடுது. எனக்குப் பொறுமை குறையாது, அதனால நிக்குது."

"பேட்டரி தீந்துருச்சுங்களா?"

"இல்ல கண்ணு."

"கீழ போட்டுட்டீங்களா?"

"இல்ல."

"இது நெசமான மானிதானுங்களா, பொம்மையா? ஆப்பிள் மாதிரி?"

தொண்ணூற்று நாலு.

தணிகாசலம் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். அவர் பார்த்திருக்கக் கூடாது. பத்திலும் ஐந்திலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று குறைந்தால் அது தெரிவதுகூட இல்லை. அவருக்கோ அது பழக்கமே இல்லாத சமாச்சாரம். ஏன் குறைந்தது என்று யோசித்தார். யோசித்ததில் எண்பத்தெட்டு ஆனது. எண்பத்தெட்டா என்று பதறியதில் எழுபது ஆனது.

"ஆப்பிளைப் பாரு கண்ணு. பதிமூணுல ஆறு போனா?"

"உங்க பையில இருக்குங்க."

ஐம்பத்திரண்டு. முப்பத்தொன்பது. குளத்தின் மதகை யாரோ திறந்துவிட்ட மாதிரி இறங்கியது. நீல நிறம் போய் மஞ்சள் வந்தது. இருபதுக்குக் கீழே வந்ததும் தும்பை நாற்காலியில் முட்டிபோட்டு நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரிந்த ஊருக்குள் எண் வந்து சேர்ந்துவிட்டது.

"பத்தொம்பது" என்றாள். "இப்பப் பதினஞ்சு. நாலு போச்சு."

பதிவி மணி அடித்தது.

"என்னையப் பாக்காத. ஆப்பிளைப் பாரு."

"பதினொண்ணு. இன்னொரு நாலு போச்சு."

மணி.

"அந்த நாலும் இந்த நாலும் எட்டு."

மணி. தணிகாசலம் பதிவியை முறைத்தார். "நான் இந்தக் கேள்வியக் கேக்கவே இல்ல" என்று அதனிடம் வாதாடினார். அதன் வேலை கணக்குச் சரியா என்று பார்ப்பது மட்டும்தான்.

"ஆறு. பதினொண்ணுல ஆறு இருக்கு. அஞ்சு போச்சு."

நாலாவது மணி. சென்னியப்பனின் வாயிலிருந்து துண்டு கீழே விழுந்தது.

"ஏனுங்க, இதென்ன புள்ளை வளர்த்தி? ஒரு ஆப்பிள், அதைப் பாத்து ஒரு பதில் சொல்ல முடியாதா? பையில இருக்கு பையில இருக்குன்னா, பையில இருக்கறது எனக்குத் தெரியாதா?" தணிகாசலம் எழுந்து நின்று கத்தினார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பொம்மை ஆப்பிள்கள் வீடு முழுக்க உருண்டோடின. அவர் மானி விசில் அடித்தது.

"ஆறுல ஆறு போச்சு" என்றாள் தும்பை. "ஒண்ணுமில்ல."

ஐந்தாவது மணி.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தணிப்பறைக் கதவு திறந்துகொண்டது. தணிகாசலம் அதைப் பார்த்து அப்படியே நின்றார். அவர் அதை மற்றவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறாரே தவிர, அதற்குள் கால் வைத்ததில்லை. சென்னியப்பன் அவர் தோளைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனான்.

"ஒண்ணுமில்லீங்க, உள்ள நல்லாத்தான் இருக்கும். இடது பக்கம் சாஞ்சுக்காதீங்க, வெங்காய வாசம் வரும். கண்ண மூடிக்குங்க. நான் வெளியவே இருக்கறேன்."

மூன்று வந்து கதவு திறந்தபோது தணிகாசலத்தின் முகம் வேறு மாதிரி இருந்தது. தும்பை கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"கத்தி ரொம்ப வருசமாச்சுங்க" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் இருக்குது."

தேர்ச்சி என்று எழுதினார். நேர்மையான மனிதர் என்பதால் நடந்ததையும் அப்படியே எழுதினார். ராத்திரி கோகிலவாணி மண்டபத்திலிருந்து மீந்த லட்டைக் கொண்டுவந்து மகள் வாயில் வைத்தாள். சென்னியப்பனுக்கு அன்று இரண்டோ மூன்றோதான் மிச்சம் இருந்திருக்கும். பார்க்கக்கூடத் தோன்றவில்லை. சாயங்காலங்கள் இனி அவனுடையவை.

அந்த நினைப்பு ஒரு மாதம் தாங்கியது. பிறகு கல்வித் துறை தணிகாசலத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு முடிவுக்கு வந்தது. கழித்தல் என்பது கண்முன்னால் உண்மையிலேயே இல்லாமல் போகிற ஒன்றைப் பார்த்தால்தான் விளங்கும். மனிதரிடம் அப்படிப் போவது பொறுமை ஒன்றே. ஆகவே மாற்றுப் பெற்றோருக்குத் தொண்ணூறும் நூறும் இருந்து பயன் இல்லை, இருபதுக்குள் இருக்க வேண்டும், அதுவும் சுலபமாகக் குறைய வேண்டும். இந்தத் தகுதிகள் முழுமையாகப் பொருந்தியவர் என்று மாவட்டத்திலேயே முதல் ஆளாகச் சென்னியப்பனுக்குக் குறைபொறுமைப் பயிற்றுநர் என்ற சான்று வந்தது. வாங்க மறுக்கலாமா என்று விசாரித்தான். மறுக்க முடியாதாம்.

"உங்க கோவத்துக்கு அரசாங்கம் இப்பத்தான் சான்றிதழ் குடுத்திருக்கு" என்றாள் கோகிலவாணி. "என்னையக் கேட்டிருந்தா கல்யாணமான வருசமே குடுத்திருப்பேன்."

மறுநாளிலிருந்து சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். சென்னியப்பன் வேலையிலிருந்து பதினாலோடு வருவான். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தன் மேசையைத் தட்டுவான், ஒருத்தி சென்னியப்பனின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வாள். எண் இறங்கும். எல்லாரும் சேர்ந்து விடை சொல்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். நன்றாகப் படித்தார்கள். தணிகாசலமும் சில நாள் வந்து ஓரமாக உட்கார்ந்து, எப்படிக் குறைவது என்று கவனித்துவிட்டுப் போனார்.

தும்பை வாசற்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் ஆறாவதாக ஒரு பிள்ளை வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னைக்கு அஞ்சு பேரு வந்துட்டாங்க. ஆளுக்கு ரெண்டு. பத்து போச்சு. நீ நாளைக்கு வா."

அந்தப் பிள்ளையும் கணக்குத் தெரிந்த பிள்ளை. "பதினாலுல பத்து போனா இன்னும் நாலு இருக்கே" என்றது.

"அது என்னுது."

ஐந்து பேரும் படித்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் மனசுக்குள் நெகிழ்ந்துபோய், "இந்த நாலை வெச்சு என்ன பண்ணப் போற அம்மிணி?" என்றான்.

"கேள்வி கேக்கணும். பதினொண்ணு சேந்துருச்சு."

முன்பெல்லாம் அவள் கேட்டதற்கு எண்ணிக்கையே கிடையாது. மீன் தண்ணி குடிக்குமா, பூனைக்கு எதற்கு மீசை, நேற்று எங்கே போச்சு, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப நான் எங்க இருந்தேன். ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். போதும் கண்ணு போதும் என்று அவன் எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறான்.

"கேளு."

தும்பை கேட்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு கேள்விக்கு ஒண்ணு போகும். மீன் கேள்விக்கு ரெண்டு போகும், அதுக்கப்புறம் ஏன்னு கேப்பேன். ஏழு கேள்வியாச்சும் விட்டறணும்."

"எதுக்கு விடணும்? பதினொண்ணையும் கேளு."

"அப்ப நீங்க பொட்டிக்குள்ள போயிருவீங்க."

"போனாப் போறேன். நீ கேளு சாமி."

அவள் தலையை ஆட்டினாள். கணக்கு உதைத்தது. சென்னியப்பன் உள்ளங்கையால் காலரை மூடிக்கொண்டான். "இப்பத் தெரியலை பாரு. இப்பக் கேளு."

"கையை எடுங்கப்பா. மூடி வெச்சாலும் குறையும்."

அவன் கையை எடுத்தான். அவள் அந்த நாலைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்து, ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பார்த்து, விலை அதிகம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தாள். மீன் போனது. பூனை போனது. நேற்று போனது. அவை எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவன் காத்திருந்தான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததில்லை, மானியும் அசையவில்லை.

நெடுநேரம் யோசித்து, கடைசியில் செலவே ஆகாத ஒரு கேள்வியைத் தும்பை கண்டுபிடித்தாள்.

"சாப்டீங்களாப்பா?"

நாலு அப்படியே இருந்தது.